கிரீன் டீ: குடிப்பது வேறு, மாத்திரையாய் விழுங்குவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"கிரீன் டீயும் பி3 வைட்டமினும் சேர்ந்தால் மூளைக்கு வயது குறையும்" என்ற செய்தி சில காலமாக வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு விட்டுக் குடும்பக் குழு தாவிக்கொண்டிருக்கிறது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மாத்திரைப் புட்டியின் படமும், ஆர்டர் செய்வதற்கான இணைப்பும் வருகின்றன. செய்திக்குப் பின்னால் ஓர் ஆய்வு இருப்பது பொய்யில்லை. வில்லங்கம் புட்டியில்தான் இருக்கிறது. அறுபதைத் தாண்டியவர்களும், அவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளும் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தெரிந்துகொண்டால் நல்லது என்பதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

முதலில் அந்த ஆய்வு. 2025-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக இர்வைன் வளாகத்து ஆய்வாளர்கள் 'ஜெரோசயன்ஸ்' இதழில் வெளியிட்டது. முதுமையடைந்த எலிகளின் மூளையிலிருந்து நரம்பணுக்களை எடுத்து ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்த்தார்கள். அல்சைமர் நோய்க்கென்றே உருவாக்கப்பட்ட எலிகளின் அணுக்களும் அதில் அடக்கம். வயது ஏற ஏற அந்த அணுக்களுக்குள் ஜி.டி.பி. என்ற எரிபொருள் குறைந்துகொண்டே போனது. ஏ.டி.பி. என்று பள்ளியில் படித்திருப்போமே, அதன் உடன்பிறப்பு இது. அணுவுக்குள் சேரும் பழுதான புரதங்களை அள்ளிக்கொண்டு போய் அழிக்கும் வேலைக்கு ஜி.டி.பி. வேண்டும். குப்பை லோரி வாசலில் நிற்கிறது, டீசல்தான் இல்லை என்ற நிலை. அந்தத் தட்டில் நிக்கோட்டினமைடு என்ற பி3 வகையையும், கிரீன் டீயில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருளையும் 24 மணி நேரம் சேர்த்து வைத்தபோது எரிபொருள் இளம் அணுக்களின் அளவுக்கு ஏறியது, குப்பையும் கழிந்தது.

நல்ல ஆய்வு. ஆனால் இதில் யாரும் எதையும் குடிக்கவில்லை. எலிகூடக் குடிக்கவில்லை. மருந்து நேராக அணுவின் மேல் ஊற்றப்பட்டது. வாய் வழியாகக் கொடுத்த நிக்கோட்டினமைடு ரத்தத்தில் செயலிழந்துவிடுவதால் நோயாளிகளிடம் பெரிதாகப் பலன் தரவில்லை என்பதையும் அதே குழுவினர்தான் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் தாவலில் அந்த வரி எங்கேயோ விழுந்துவிட்டது.

ஈ.ஜி.சி.ஜி.க்கும் வழி எளிதில்லை. ஒரு கோப்பை கிரீன் டீயில், இலையையும் ஊறும் நேரத்தையும் பொறுத்து, ஏறக்குறைய 50 முதல் 150 மில்லிகிராம் இருக்கும். அதில் பெரும்பகுதி குடலைத் தாண்டுவதே இல்லை. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்து வேறு பொருள்களாக்கிவிடுகின்றன. ரத்தத்தில் சேர்ந்த கொஞ்சமும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும். இரண்டு மூன்று கோப்பை குடித்தாலும் ரத்தத்தில் அதன் அளவு ஒரு மைக்ரோமோலாரை (கரைந்த பொருளின் அடர்த்தியை அளக்கும் அலகு) தொடாது. தட்டில் செய்யும் சோதனைகள் பலவற்றில் பத்து, இருபது, ஐம்பது மைக்ரோமோலார் ஊற்றுகிறார்கள். ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவது அதிலும் ஒரு சிறு பங்குதான்.

அதற்காக இந்தப் பொருளை லேசாக எடைபோட்டுவிடவும் முடியாது. அல்சைமரிலும் பார்க்கின்சனிலும் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகின்றன அல்லவா? அவற்றை ஈ.ஜி.சி.ஜி. அவ்வளவாகத் தீங்கு செய்யாத வேறு வடிவத்துக்குத் திருப்பிவிடுகிறது என்று பெர்லின் ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள். அல்சைமர் மூளையில் சேரும் டாவ் என்ற புரத நாரை அது எந்த இடத்தில் பிடித்துப் பிரிக்கிறது என்பதை 2022-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் மிக நுண்ணிய அளவில் படமெடுத்தார்கள். அவர்களுடைய நோக்கம் தேநீர் விற்பதன்று. அதே இடத்தைப் பிடிக்கக்கூடிய, மூளைக்குள் ஒழுங்காக நுழையக்கூடிய வேறு மருந்தைத் தேடுவதே. ஈ.ஜி.சி.ஜி. அவர்களுக்குச் சாவியின் அச்சு மட்டுமே.

சரி, குடிக்கிற மனிதர்களிடம் என்ன பார்த்தார்கள்? பக்கத்து வீட்டுச் சிங்கப்பூரிலேயே 55 வயதைத் தாண்டிய 957 சீன முதியவர்களைத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தொடர்ந்து தேநீர் குடித்தவர்களிடம் அறிவாற்றல் குறைபாடு ஏறக்குறைய பாதி அளவே இருந்தது. இதில் நமக்கு வேண்டிய சேதி வேறொன்று: கிரீன் டீ, ஊலோங், சாதாரணக் கறுப்புத் தேநீர் என்ற பேதமில்லை. இலையை ஊறவைத்துக் குடித்த தேநீராக இருந்தால் போதும். ஜப்பானில் 65 வயதைக் கடந்த 8,766 பேரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வு 2025 ஜனவரியில் வந்தது. ஒரு நாளைக்கு 200 மில்லிலிட்டருக்கு மேல் போகாதவர்களோடு ஒப்பிட்டால், 600 மில்லிலிட்டர் குடித்தவர்களின் மூளையில் வெள்ளைப் பகுதிச் சிதைவு 3 விழுக்காடு குறைவு. 1,500 மில்லிலிட்டர் குடித்தவர்களிடம் 6 விழுக்காடு குறைவு. நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதாவதால் வரும் சிதைவு இது. நினைவுக்கு மூலமான ஹிப்போகேம்பஸ் பகுதியின் அளவில் வேறுபாடு தென்படவில்லை.

3 விழுக்காடு, 6 விழுக்காடு. இதுதான் உண்மையான அளவு. "வயது குறையும்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இந்த எண்களை வைத்துப் பாருங்கள்.

இவையெல்லாம் குடிப்பவரையும் குடிக்காதவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த ஆய்வுகள். நாள்தோறும் ஐந்து கோப்பை தேநீர் போட்டுக் குடிக்கும் எழுபது வயதுக்காரர், கையும் காலும் நன்றாக இருப்பவர், நாலு பேரோடு உட்கார்ந்து பேசுபவர். மறதி தொடங்கியவரோ அடுப்பை மூட்டுவதையே குறைத்துக்கொள்கிறார். எது காரணம், எது விளைவு என்று அங்கே பிரிப்பது கடினம். பிரித்தறிய வேண்டுமென்றால் சீட்டுக் குலுக்கி ஒரு பாதிக்குத் தேயிலையும் மறு பாதிக்குப் போலியும் கொடுக்க வேண்டும். ஜப்பானில் அப்படியும் செய்தார்கள். 60 முதல் 85 வயதுள்ள 99 பேருக்கு ஓராண்டு காலம் நாளுக்கு 2 கிராம் மாட்சா (நைசாக அரைத்த கிரீன் டீ) தூளோ, போலித் தூளோ கொடுத்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். நினைவாற்றல் தேர்வின் மதிப்பெண் மாறவில்லை. பிறர் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை அறியும் திறன் மட்டும் சற்றுக் கூடியிருந்தது. முதியோர் இல்லத்தில் மறதி ஏற்கெனவே தொடங்கியவர்களுக்குக் கிரீன் டீத் தூள் கொடுத்த இன்னொரு சோதனை 2016-இல் வந்தது. அதிலும் பன்னிரண்டு மாதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

ஆகவே என் கணக்கு இதுதான்: கிரீன் டீ நல்ல பழக்கம், மருந்தல்ல. மறதி தொடங்கிவிட்ட அம்மாவுக்கு அதைக் கொடுத்துவிட்டு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டால் அந்த நல்ல பழக்கமே கெடுதலாகிவிடும்.

குடிக்க முடிவு செய்தவர்கள் ஒழுங்காகப் போட்டுக் குடிக்க வேண்டும். "கசக்குது" என்று இரண்டாம் நாளே தூக்கிப் போடுவதற்கும், கசப்பை மறைக்க மூன்று கரண்டி சீனி போடுவதற்கும் காரணம் பெரும்பாலும் தண்ணீரின் சூடுதான். கறுப்புத் தேயிலைத் தூளைப் பானையில் போட்டுக் கொதிக்க வைத்துப் பழகிய கை கிரீன் டீயையும் அப்படியே செய்கிறது. கொழுந்து ஒன்றுதான். கேமரன் மலையில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிள்ளிய அதே செடிதான். கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை வாட்டி, நசுக்கி, காற்றில் ஊறவிடுகிறார்கள், ஈ.ஜி.சி.ஜி. உள்ளிட்ட கேட்டகின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் ஒன்றுசேர்ந்து செம்பழுப்பு நிறப் பொருள்களாக மாறிவிடுகின்றன. கிரீன் டீக்குப் பறித்தவுடன் ஆவியிலோ இரும்புச் சட்டியிலோ சூடுகாட்டி அந்த மாற்றத்தை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் கேட்டகின் அப்படியே தங்குகிறது. கொதிக்கும் நீர் அந்தக் கேட்டகினையும் கஃபீனையும் ஒரேயடியாக வெளியே இழுத்துவிடும். நாக்கை இழுக்கும் துவர்ப்பு அதனால் வருவதே.

அளவு: ஒருவருக்கு 2 கிராம் இலை. உருட்டிய இலையானால் ஒரு தேக்கரண்டி, விரிந்த இலையானால் இரண்டு. தண்ணீர் 180 முதல் 200 மில்லிலிட்டர். ஜப்பானிய வகை இலைக்கு 70 முதல் 80 டிகிரி, ஜார்ஜ்டவுனின் பழைய தேயிலைக் கடைகளில் கிடைக்கும் சீன வகைக்கு 80 முதல் 85. வெப்பமானி எல்லார் வீட்டிலும் இருக்காது. தேத்தண்ணியை ஆற்றுவது நமக்குக் கைவந்த கலை. இங்கே வெறும் வெந்நீரை ஆற்ற வேண்டும். கொதித்த நீரை அறைச் சூட்டில் உள்ள கனமான பீங்கான் கோப்பையில் ஊற்றுங்கள், அதிலிருந்து இன்னொரு கோப்பைக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். இரண்டு முறை மாற்றினால் 80-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதன் பிறகு இலையின் மேல் ஊற்றி, மூடி, இரண்டு மூன்று நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். இலையைக் கோப்பையிலேயே விட்டுவைத்தால் கடைசி மடக்கு மருந்துக் கஷாயம் போல இருக்கும். நல்ல இலையை இன்னொரு முறையும் ஊறவைக்கலாம். இரண்டாம் தண்ணீரில் கஃபீன் குறைவு என்பதால் பெரியவர்களுக்கு அதுவே உகந்தது.

கசப்பு சுத்தமாக ஆகாது என்பவர்கள் குளிர்ந்த நீரில் ஊறவைக்கலாம். ஒரு லிட்டர் குளிர்ந்த குடிநீருக்கு 10 கிராம் இலை, குளிர்பெட்டியில் ஐந்தாறு மணி நேரம். நம்மூர் வெக்கைக்கு இதமாக இருக்கும், சீனி இல்லாமலே இனிப்பு தட்டும். தியானின் என்ற அமினோ அமிலம் குளிர்ந்த நீரிலும் இறங்கிவிடும், கஃபீனும் ஈ.ஜி.சி.ஜி.யும் குறைவாக இறங்கும். தியானின் மூளைக்குள் நுழையக்கூடியது, மனத்தைச் சற்று அமைதிப்படுத்துவது என்பதெல்லாம் சரி. ஆனால் கவனத்தை அளந்த ஆய்வுகளில் ஒரே வேளையில் கொடுத்தது பெரும்பாலும் 100 முதல் 200 மில்லிகிராம். சாதாரணக் கோப்பையில் இருப்பது பத்து, இருபது மில்லிகிராம். அதற்காகவென்று குடிப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ளட்டும்.

சில பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. காலையில் போட்டு வெந்நீர்க் குடுவையில் ஊற்றி மாலை வரை வைத்துக் குடிப்பது ஒன்று. சூட்டில் நிற்கும்போது கேட்டகின் சிதைகிறது. பச்சை கலந்த மஞ்சள் நிறம் பழுப்பாக மாறுவதே அதற்குச் சாட்சி. ஆல்கலைன் நீர் தரும் வடிகட்டியை வாங்கி மாட்டியவர்கள் அந்த நீரில் தேநீர் போட்டால் இது இன்னும் விரைவாக நடக்கும். கேட்டகினுக்கு ஆல்கலைன் தன்மை ஒத்துவராது, புளிப்புதான் ஒத்துவரும். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் செரிமானத்தின்போது அழியாமல் மிஞ்சும் கேட்டகின் பல மடங்கு கூடுகிறது என்று பர்டியூ பல்கலைக்கழகம் 2007-இல் ஆய்வுக்கூடச் செரிமானச் சோதனையில் காட்டியது. சந்தையில் கிடைக்கும் லீமாவ் கஸ்தூரி ஒன்றைப் பிழிந்தால் வீட்டுக்குப் போதும்.

இலையை வைக்கும் இடமும் முக்கியம். பினாங்குக் காற்றின் ஈரத்தில் திறந்த பொட்டலம் சில வாரங்களிலேயே மணம் இழந்துவிடும். இறுக மூடும் தகர டின், வெளிச்சம் படாத அலமாரி, திறந்தபின் இரண்டு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். மசாலாத் தூளுக்கும் பெலாச்சானுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், தேயிலை எந்த வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும். குளிர்பெட்டியில் வைத்திருந்தால், எடுத்தவுடன் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து இலை நமுத்துப்போகும்.

குடிக்கும் சூடு பற்றியும் ஒரு வார்த்தை. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடிப்பதும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. ஆற விட்டுக் குடியுங்கள்.

இனி சீனி. நம் சமூகத்துக்குக் கிரீன் டீயால் வரக்கூடிய உறுதியான லாபம் ஈ.ஜி.சி.ஜி.யில் இல்லை, அது எந்தக் கோப்பையின் இடத்தைப் பிடிக்கிறது என்பதில் இருக்கிறது. தே தாரேக்கில் (ஆற்றிய பால் தேநீர்) ஊற்றும் கெட்டிப் பாலில் பாதிக்கு மேல் சீனி. இரண்டு மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 40 கிராம் ஊற்றினால் 20 கிராமுக்கு மேல் சீனி, நான்கு தேக்கரண்டிக்கும் அதிகம். பசியாறும்போது ஒன்று, மாலையில் ஒன்று என்றால் நாளுக்கு எட்டுத் தேக்கரண்டி. அதில் ஒன்றையாவது வெறும் கிரீன் டீயாகவோ, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்காகவோ மாற்றினால் அந்த லாபம் அன்றைக்கே கணக்கில் ஏறுகிறது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் மூளையின் ரத்தக்குழாய்களைத் தின்னும் நோய்கள். மலேசிய இந்தியர்களிடம் நீரிழிவு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போத்தலில் வரும் கிரீன் டீ இந்தக் கணக்கில் சேராது. பின்பக்கச் சிட்டையைப் படியுங்கள். 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் சீனி என்று இருந்தால் 500 மில்லிலிட்டர் போத்தலில் 25 கிராம், ஐந்து தேக்கரண்டி. கோலாலம்பூர்க் கஃபேக்களில் வரிசையில் நின்று வாங்கும் மாட்சா லாட்டேயும் அப்படித்தான். பச்சை நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. மாட்சா தூளையே வாங்கி வீட்டில் கலக்கினால் சீனி நம் கையில். ஆனால் முழு இலையையும் விழுங்குவதால் கஃபீன் கூடுதல். 2 கிராமுக்கு 60 மில்லிகிராம் அளவில் இருக்கும் என்பதை மாலையில் கலக்குகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மாத்திரைக்கு வருகிறேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எல்லாச் சான்றுகளையும் புரட்டிப் பார்த்தது. தேநீராகக் குடிப்பவர்கள் சராசரியாக நாளுக்கு 90 முதல் 300 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. எடுக்கிறார்கள், அது பொதுவாகப் பாதுகாப்பானது. துணைச்சத்து மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கோ ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் ஏறின. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாள் அளவில் 800 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டது. வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் பொட்டலத்தில் இருக்க வேண்டும்.

சிட்டையை எப்படிப் படிப்பது? "கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் 500 மி.கி., 50% ஈ.ஜி.சி.ஜி." என்றிருந்தால் ஒரு மாத்திரையில் 250 மில்லிகிராம். நாளுக்கு மூன்று என்றால் 750. அதோடு இரண்டு கோப்பை தேநீரும் குடித்தால் 800-ஐத் தாண்டிவிட்டீர்கள். "98% பாலிபினால்" (ஈ.ஜி.சி.ஜி. போன்ற பொருள்களின் பொதுப்பெயர்) என்று மட்டும் போட்டு ஈ.ஜி.சி.ஜி. எவ்வளவு என்று சொல்லாத புட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். "5,000 மி.கி. இலைக்குச் சமம்" என்ற வகைக் கணக்கும் உதவாது. உடல் இளைக்க விற்கும் தூள்களிலும் மாத்திரைகளிலும் இதே சாறு (எக்ஸ்ட்ராக்ட்) வேறு பெயரில் ஒளிந்திருக்கும். ஒருவர் மறதிக்கு ஒன்றும் இளைப்பதற்கு ஒன்றும் எடுத்தால் இரண்டும் கூடிக்கொள்ளும்.

வெறும் வயிறு ஏன் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டோடு எடுப்பதைவிட வெறும் வயிற்றில் ஈ.ஜி.சி.ஜி. பல மடங்கு ரத்தத்தில் ஏறுகிறது. தைப்பூச விரதம், புரட்டாசி விரதம் என்று காலை உணவைத் தவிர்க்கும் நாள்களில் மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அது நேராக ஈரலுக்குப் போகும் அடி. எச்.எல்.ஏ. பி 35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். அது தமக்கு இருக்கிறதா என்று யாருக்கும் வெளியில் தெரியாது. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில், பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள், இனம் தெரியாத அசதி, பசியின்மை, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புட்டியையும் கையோடு கொண்டு போங்கள். "இயற்கைதானே" என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதால்தான் காரணம் தெரியாமல் நாள் கடக்கிறது.

மலேசியாவில் முறையாகப் பதிவான துணைச்சத்துப் பொருளுக்கு 'மால்' என்று தொடங்கும் பதிவெண்ணும் பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்தால் பொருளின் பெயரும் பதிவுதாரர் பெயரும் வரும். அங்கே வரும் பெயரும் புட்டியின் பெயரும் வேறுபட்டால் அது போலி. பசார் மாலாம் இரவுச் சந்தையிலும் இணைய நேரலையிலும் வாங்குவதில் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்பவர்கள் மிகக் குறைவு. பதிவெண் இருந்தாலும் அது நினைவாற்றலுக்குப் பலன் தரும் என்பதற்குச் சான்றிதழ் ஆகாது.

மருந்தோடு கிரீன் டீ மோதும் இடங்கள் சில உண்டு. நாடோலோல் என்ற ரத்த அழுத்த மருந்தை எடுத்துக்கொண்டே நாளுக்கு 700 மில்லிலிட்டர் கிரீன் டீ இரண்டு வாரம் குடித்தவர்களின் ரத்தத்தில் மருந்தின் அளவு 85 விழுக்காடு சரிந்தது என்று ஜப்பானிய ஆய்வு 2014-இல் காட்டியது. குடல் மருந்தை உள்ளே இழுக்கும் வாசலைக் கிரீன் டீ அடைத்துவிடுகிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு வடிகட்டிய ஒன்றிரண்டு கோப்பையால் தொல்லை இல்லை; லிட்டர் கணக்கில் குடிப்பதும் திடீரென மாட்சாவுக்கு மாறுவதும் தொல்லை, ஏனென்றால் இலையில் உள்ள வைட்டமின் கே மருந்துக்கு எதிராக இழுக்கும். தைராய்டு மாத்திரையையும், எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட்டையும் வெறும் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும், தேநீர் குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான். இரும்புச்சத்து மாத்திரைக்கும் தேநீருக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி. மாத்திரை எடுக்காதவர்களும், குறிப்பாகச் சைவ உணவுக்காரர்கள், வாழையிலைச் சாப்பாடு முடிந்த கையோடு தேநீர் குடிப்பதை விட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைத் தேநீர் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வேண்டாம். கஃபீன் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரமாவது ஆகும், வயதானவர்களுக்குத் தூக்கம் ஏற்கெனவே மெலிந்தது. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு மூளைக்கு நல்லது செய்வதாக நினைப்பதில் என்ன பொருள்? இரவில் சிறுநீருக்கு எழுந்து இருட்டில் வழுக்கி விழுவதும் இந்த வயதில் சின்ன விஷயமல்ல. மறதி முற்றியவர்களுக்குத் தண்ணீர் போன்ற பானம் எதுவானாலும் புரையேறலாம். உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறு சிறு மடக்காகக் கொடுங்கள். அடிக்கடி இருமினால் விழுங்குதல் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும்.

மறதி என்றாலே அல்சைமர் என்று முடிவு கட்டவும் வேண்டாம். நீரிழிவுக்கு ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையும், சைவர்களுக்கு இன்னும் விரைவாகக் குறையும். பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மருந்தால் சரிசெய்யலாம். நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி நோய் இருப்பதாக 2018 தேசியச் சுகாதார ஆய்வு சொன்னது. உலக அளவில் முதுமை மறதியில் ஏறக்குறைய 45 விழுக்காடு தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடியது என்று லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆணையம் பட்டியலிட்ட 14 காரணங்களில் ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, காது மந்தம், சரிசெய்யாத பார்வைக் குறை எல்லாம் உண்டு. தேநீர் குடிக்காமை அந்தப் பட்டியலில் இல்லை. மாதாமாதம் மாத்திரைப் புட்டிக்குக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்து வைத்தால் அப்பாவின் காதுக் கருவிக்கு உதவும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய ஆய்வுச் செய்திகளைப் பிரசுரிக்கும்போது மூன்று விவரங்களைச் செய்தியின் முதல் பத்தியிலேயே கொடுங்கள். சோதனை நடந்தது தட்டிலா, எலியிலா, மனிதரிலா? கொடுத்தது தேநீரா, சாறா? எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள்? கடைசிப் பத்தியில் போட்டால் வாட்ஸ்அப்புக்கு வெட்டி எடுக்கும்போது அதுதான் முதலில் போய்விடுகிறது.

இப்படிக்கு,
மருந்தாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.